"எந்த ஊர்?": ஜெர்மனில் கேட்கும்போதும் சொல்லும்போதும் எங்கே தடுக்குகிறது?

ஜெர்மனியின் ஷ்டுட்கார்ட் நகரில் சனிக்கிழமை காலைகளில், புதிதாக வந்த நம் ஆட்களுக்கு ஜெர்மன் பேசப் பழக்கிக் கொடுக்கிறேன். வேலைக்கு வந்தவர்களின் மனைவிமார், கணவன்மார், ஆஸ்பத்திரியில் சேர்ந்த நர்ஸ்கள், படிக்க வந்த பிள்ளைகள் என்று ஒரு மேஜை நிறைய ஆட்கள் இருப்பார்கள். முதல் நாள் முதல் கேள்வி எல்லோருக்கும் ஒன்றுதான்: வோஹேர் கொமென் ஸீ? நீங்கள் எங்கிருந்து வருகிறீர்கள், அதாவது எந்த ஊர்?

பாடப் புத்தகத்தின் முதல் பக்கத்திலேயே வருகிற கேள்வி இது. ஆனாலும் ஒரு வருடம் ஜெர்மன் படித்தவர்கள்கூட இதில் தடுக்கி விழுவதைப் பார்க்கிறேன். விழுகிற இடங்களும் பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கின்றன, ஏனென்றால் அந்தப் பள்ளங்கள் நம் தமிழிலிருந்தே வருகின்றன. கீழே ஒவ்வொரு அறிகுறியாகப் பிரித்து எழுதியிருக்கிறேன். உங்களுக்கு எது நடக்கிறதோ அதற்கு நேராகப் போய்ப் படியுங்கள்.

உச்சரிப்பு பற்றி ஒரு வார்த்தை. ஸீ என்பதில் வரும் ஸ், வண்டு ரீங்காரம் போல அதிர வேண்டும். இஷ் என்று நான் எழுதுவது ஷ்-க்கும் ஹ்-க்கும் நடுவில் இருக்கும் மெல்லிய ஒலி. வோஹேர் என்பதில் அழுத்தம் ஹேர் மேல் விழும்.

அறிகுறி: "எந்த ஊர் என்று கேட்டார்கள், நான் குடியிருக்கும் இடத்தைச் சொல்லிவிட்டேன்"

நான் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம் இதுதான் நடந்தது. காபி மெஷின் பக்கத்தில் ஒருவர், "வோ கொம்ஸ்ட் டூ டென் ஐகென்ட்லிஷ் ஹேர்?" என்று கேட்டார். என் காதில் "வோ" மட்டும் தெளிவாக விழுந்தது. வோ என்றால் எங்கே. ஆகவே "இன் ஷ்டுட்கார்ட்" என்றேன். அவர் ஒரு நொடி பார்த்துவிட்டு, அதே கேள்வியை மெதுவாகத் திரும்பக் கேட்டார்.

காரணம் இது: புத்தகத்தில் வோஹேர் என்று ஒரே சொல்லாக இருப்பதைப் பேச்சில் இரண்டாக உடைத்துவிடுவார்கள். வோ முதலில் வரும், ஹேர் கடைசிக்குப் போய்விடும். நடுவில் டென், ஐகென்ட்லிஷ் என்று நிரப்புச் சொற்களும் வந்து உட்காரும். வோஹேர் கொம்ஸ்ட் டூ, வோ கொம்ஸ்ட் டூ ஹேர் இரண்டும் ஒரே கேள்விதான். சொல்லப்போனால் தெருவில் அதிகம் காதில் விழுவது இரண்டாவதுதான்.

சரிசெய்ய, கடைசிச் சொல் வரை பொறுத்திருங்கள். தமிழ் பேசுகிறவர்களுக்கு இது புதிய பழக்கமும் இல்லை. "அவன் நேற்று வீட்டுக்கு..." என்று ஒருவர் தொடங்கினால், வந்தானா, வரவில்லையா, வருவதாகச் சொன்னானா என்று கடைசியில்தானே தெரிகிறது? அந்தக் காதை இங்கேயும் வைத்துக்கொள்ளுங்கள். ஹேர் என்பது இந்தப் பக்கம் வருவது, ஹின் என்பது அந்தப் பக்கம் போவது. "வோ கேஸ்ட் டூ ஹின்?" என்றால் எங்கே போகிறாய். இரண்டுமே கடைசியில் இல்லாமல் "வோ வோன்ஸ்ட் டூ?" என்று முடிந்தால்தான் எங்கே குடியிருக்கிறாய். இந்த மூன்று கேள்விகளையும் யாரையாவது மாற்றி மாற்றிக் கேட்கச் சொல்லி, பத்து நிமிடம் பதில் சொல்லிப் பாருங்கள். ஒரே வாரத்தில் காது பழகிவிடும்.

வட்டார வழக்கு வேறு இருக்கிறது. ஷ்டுட்கார்ட்டைச் சுற்றியுள்ள ஷ்வாபியப் பேச்சில் "வோ கொம்ஷ் ஹேர்?" என்பார்கள். பவேரியாவில் "வோ பிஸ்ட்ன் ஹேர்?" என்று காதில் விழும். சுவிட்சர்லாந்தின் ஜெர்மன் பகுதியில் "ஃபோ வோ பிஷ்?" என்பார்கள். அங்கே வளர்ந்த ஈழத்தமிழ்ப் பிள்ளைகள் பேசக் கேட்டால் இது சரளமாக வரும். புரிந்துகொண்டால் போதும், நீங்கள் புத்தக ஜெர்மனிலேயே பதில் சொல்லலாம்.

அறிகுறி: "ஃபொன் இண்டியென் என்று சொன்னால் திருத்துகிறார்கள்"

மேஜையில் உட்காருகிற பத்துப் பேரில் ஏழெட்டுப் பேருக்கு வருகிற பிழை இது. இதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

தமிழில் நமக்கு "இருந்து" ஒன்றே போதும். சென்னையிலிருந்து, ஆபீஸிலிருந்து, டாக்டரிடமிருந்து, பையிலிருந்து, கூரையிலிருந்து. ஜெர்மன் இதை அவுஸ், ஃபொன் என்று இரண்டாகப் பிரிக்கிறது. அவுஸ் என்பது ஒன்றின் உள்ளேயிருந்து வெளியே வருவது. பையிலிருந்து சாவியை எடுத்தால் அவுஸ், பாட்டிலிலிருந்து தண்ணீர் குடித்தால் அவுஸ். ஊரையும் நாட்டையும் ஜெர்மன் அப்படித்தான் பார்க்கிறது: நீங்கள் அதன் உள்ளே பிறந்து வளர்ந்து வெளியே வந்தவர். ஆகவே இஷ் கொமெ அவுஸ் இண்டியென். இஷ் கொமெ அவுஸ் மதுரை.

ஃபொன் வேறு வேலை பார்க்கிறது. ஒரு ஆளிடமிருந்து, ஒரு பரப்பின் மேலிருந்து, ஒரு வேலையிலிருந்து, ஒரு புறப்பாட்டுப் புள்ளியிலிருந்து. டாக்டரைப் பார்த்துவிட்டு வந்தால் ஃபொம் ஆர்ட்ஸ்ட். வேலை முடிந்து வந்தால் ஃபொன் டேர் ஆர்பைட். வீட்டிலிருந்து வந்தால் ஃபொன் ட்ஸூ ஹவுஸெ. இவை எதுவும் உங்கள் பூர்வீகத்தைச் சொல்வதில்லை.

குழப்பத்தை உறுதிப்படுத்துவதே ரயில் நிலையம்தான். "ஃபொன் ஹாம்பூர்க் நாஹ் மியூன்ஷென்" என்று பயணத்தைச் சொல்லும்போது ஊர்ப் பெயருக்கு முன்னால் ஃபொன் வருகிறதே என்று கேட்பார்கள். அங்கே ஹாம்பூர்க் ஒரு புறப்பாட்டுப் புள்ளி, அவ்வளவுதான். ஒரு புள்ளியிலிருந்து இன்னொரு புள்ளிக்குக் கோடு போடும்போது ஃபொன், நாஹ் என்று ஜோடியாக வரும்.

எந்தச் சொல் என்று நொடியில் முடிவு செய்ய நான் சொல்லித் தரும் சோதனை நம் தமிழிலேயே இருக்கிறது. அந்தச் சொல்லோடு "காரர்" சேர்த்துப் பாருங்கள். மதுரைக்காரர் சரியாக வருகிறதா? அவுஸ். இந்தியாக்காரர், சிங்கப்பூர்க்காரர், கனடாக்காரர் வருகிறதா? எல்லாம் அவுஸ். டாக்டர்காரர், ஸ்டேஷன்காரர் என்று நீங்கள் அந்த இடத்தைச் சேர்ந்தவர் என்ற பொருளில் சொல்ல முடியாது. அப்படியானால் ஃபொன். இந்தச் சோதனையைச் சொல்லிக் கொடுத்த பிறகு மேஜையில் பாதிப் பிழை காணாமல் போய்விட்டது.

தீவுகளில் கொஞ்சம் கவனம் வேண்டும். ஒரு தீவைத் தீவாகவே நினைத்துச் சொன்னால் ஃபொன் வரும். வடக்கே பால்டிக் கடலில் இருக்கும் ரியூகென் தீவுக்காரர் ஃபொன் ரியூகென் என்பார், மாலத்தீவுக்காரர் ஃபொன் டேன் மாலெடீவென் என்பார். காரர் சோதனை இங்கே கைகொடுக்காது. ஆனால் இலங்கை ஒரு நாட்டின் பெயராகவும் இருப்பதால் அவுஸ் ஸ்ரீ லங்கா என்பதே சரி.

அறிகுறி: "பதில் சொன்னால், 'இன்றைக்கா வந்தீர்கள்?' என்று கேட்கிறார்கள்"

நாம் இயல்பாகச் சொல்வது, "நான் இந்தியாவிலிருந்து வந்திருக்கிறேன்." இதை அப்படியே எடுத்துப் போட்டால் "இஷ் பின் அவுஸ் இண்டியென் கெகொமென்" என்று ஆகிறது. இலக்கணம் சரிதான், பொருள்தான் மாறிவிடுகிறது: ஒரு பயணம் முடித்து வந்து சேர்ந்தவர் ஆகிவிடுகிறீர்கள். எதிரில் இருப்பவர் விமானம் எப்படி இருந்தது என்று கேட்டால் ஆச்சரியம் இல்லை.

ஜெர்மன் பூர்வீகத்தை நிகழ்காலத்தில்தான் சொல்லும். ஊரைவிட்டு வந்து முப்பது வருடம் ஆனாலும் இஷ் கொமெ அவுஸ் இண்டியென்தான். கொமெ வேண்டாம் என்றால் இஷ் பின் அவுஸ் இண்டியென் என்றும் சொல்லலாம், அதுவும் நல்ல ஜெர்மன். இரண்டையும் கலந்து "இஷ் பின் கொமெ" என்று மட்டும் சொல்லாதீர்கள்.

எப்போது வந்தீர்கள் என்று சொல்ல வேண்டுமானால் அப்போது கெகொமென் வரட்டும்: இஷ் பின் ஃபோர் ட்ஸ்வை யாரென் நாஹ் டொய்ச்லாண்ட் கெகொமென். இரண்டு வருடம் முன்பு ஜெர்மனிக்கு வந்தேன்.

இதன் மறுபக்கமும் உண்டு. கூட்டத்துக்குத் தாமதமாக நுழைகிற உங்களிடம் "வோ கொம்ஸ்ட் டூ டென் யெட்ஸ்ட் ஹேர்?" என்று கேட்டால், அது பூர்வீகம் பற்றிய கேள்வி கிடையாது. யெட்ஸ்ட் என்றால் இப்போது. கெராடெ என்றால் இப்போதுதான், சற்று முன். இந்த இரண்டில் ஒன்று காதில் விழுந்தால் ஊரை மறந்துவிட்டு ஃபொம் பான்ஹோஃப், ஸ்டேஷனிலிருந்து, என்று பதில் சொல்லுங்கள்.

அறிகுறி: "அவுஸ் சரியாகத்தான் போட்டேன், அப்புறமும் திருத்துகிறார்கள்"

அநேகமாக நீங்கள் சொன்ன நாடு ஷ்வைட்ஸ் (சுவிட்சர்லாந்து) அல்லது ட்யூர்கையாக (துருக்கி) இருக்கும். பெரும்பாலான நாடுகளுக்கு முன்னால் எதுவும் வேண்டாம்: அவுஸ் இண்டியென், அவுஸ் மலேஸியா, அவுஸ் கானடா. சில நாடுகளின் பெயரோடு மட்டும், ஆங்கிலத்தின் "தி" போன்ற டீ, டேர் ஒட்டிக்கொண்டே வரும். அவுஸ் வந்ததும் அந்த ஒட்டு உருமாறும். டீ ஷ்வைட்ஸ் என்பது அவுஸ் டேர் ஷ்வைட்ஸ் ஆகும். டேர் இராக் என்பது அவுஸ் டேம் இராக். பன்மையாக வரும் அமெரிக்கா, நெதர்லாந்து, எமிரேட்ஸ் போன்றவற்றுக்கு டேன்: அவுஸ் டேன் ஊ எஸ் ஆ, அவுஸ் டேன் நீடர்லாண்டென். சூரிச்சில் அத்தை இருக்கிறவர்கள் ஷ்வைட்ஸை மட்டுமாவது இன்றே மனப்பாடம் செய்துவிடுங்கள். அடிக்கடி தேவைப்படும்.

அறிகுறி: "என் வாக்கியம் முடிவதற்குள் அவர்களே முடித்துவிடுகிறார்கள்"

"இஷ் அவுஸ் சென்னை கொமெ." தமிழ் வாக்கியத்தின் எலும்புக்கூடு இதில் அப்படியே தெரிகிறது. ஜெர்மனில் வினை இரண்டாவது இடத்தில் உட்கார வேண்டும், வோஹேர் போன்ற சொல்லில் தொடங்கும் கேள்வியிலும் அப்படித்தான். "வோஹேர் ஸீ கொமென்?" என்று கேட்டால் பாதிக் கேள்வி போல ஒலிக்கும்.

ஆரம்ப நிலையான ஏ1 தேர்வின் பேச்சுப் பகுதியில் இது நன்றாகவே வெளிப்படும். கோயத்தே நிறுவனத்தின் அந்தத் தேர்வில், அதாவது சென்னையில் மாக்ஸ் முல்லர் பவனில் எழுதுகிறோமே அதில், முதல் வேலை உங்களை அறிமுகம் செய்துகொள்வது. மேஜை மேல் ஒரு தாளில் ஏழு சொற்கள் இருக்கும்: பெயர், வயது, நாடு, குடியிருக்கும் ஊர், மொழிகள், தொழில், பொழுதுபோக்கு. ஒவ்வொன்றுக்கும் ஒரு வாக்கியம் சொல்ல வேண்டும். லாண்ட், அதாவது நாடு, என்ற சொல்லைப் பார்த்ததும் பதற்றத்தில் தமிழ் வரிசை வந்துவிடும். நான் பழக்குவது இப்படி: லாண்ட் என்று பார்த்தால் வாய் தானாக "இஷ் கொமெ" என்று தொடங்கட்டும். அந்த இரண்டு சொல்லும் ஒட்டிப் பிறந்த இரட்டையர் மாதிரி வர வேண்டும். வோன்ஓர்ட், குடியிருக்கும் ஊர், என்று பார்த்தால் "இஷ் வோனெ இன்". இரண்டையும் கலக்காமல் இருந்தால் அந்தப் பகுதியில் பயமே இல்லை.

நம் வரிசை சரியாகப் பொருந்துகிற இடமும் ஒன்று உண்டு. மரியாதையாகச் சுற்றிக் கேட்கும்போது வினை கடைசிக்குப் போய்விடும்: "டார்ஃப் இஷ் ஃப்ராகென், வோஹேர் ஸீ கொமென்?" எங்கிருந்து வருகிறீர்கள் என்று கேட்கலாமா? இங்கே நம் மேஜைக்காரர்கள் மற்ற நாட்டுக்காரர்களைவிடச் சுலபமாகச் சொல்லிவிடுவார்கள்.

அறிகுறி: "திருப்பிக் கேட்கும்போது உதட்டோரம் சிரிக்கிறார்கள்"

"உங்களுக்கு எந்த ஊர்?" "எனக்குத் தஞ்சாவூர். உங்களுக்கு?" தமிழில் இது அழகான பேச்சு. அந்த "உங்களுக்கு"தான் "உண்ட் ஈனென்?" என்றும் "உண்ட் டியர்?" என்றும் வாயில் வந்துவிடுகிறது. அது நலம் விசாரிக்கும் இடத்துக்கு உரிய பதில். வருகிறவர் "நீங்கள்" என்பதால் இங்கே உண்ட் ஸீ, தோழமையில் உண்ட் டூ.

இன்னொன்று. நம் "நீங்கள்" மரியாதைக்கும் வரும், பலருக்கும் வரும். ஜெர்மனில் இவை இரண்டு சொற்கள். நீ என்று பேசக்கூடிய இரண்டு நண்பர்களைச் சேர்த்துக் கேட்டால் ஸீ வேண்டாம், ஈயர்: வோஹேர் கொம்ட் ஈயர்?

அறிகுறி: "இந்தியன் என்று சொன்னேன், குழப்பமாகப் பார்த்தார்கள்"

நீங்கள் சொன்னது இண்டியானர் ஆக இருக்கும். அது அமெரிக்கப் பூர்வகுடிகளைக் குறிக்கும் பழைய ஜெர்மன் சொல். கொலம்பஸ் இந்தியாவைத் தேடிப் போய் வேறு கரையில் இறங்கியதில் பிறந்த குழப்பம் இது. நம்மைக் குறிக்கும் சொல் ஆணுக்கு இண்டர், பெண்ணுக்கு இண்டெரின். முன்னால் "ஒரு" என்று பொருள்படும் ஐன் போட வேண்டாம்: இஷ் பின் இண்டெரின், அவ்வளவுதான். தமிழர் என்று சொல்ல விரும்பினால் டாமீலெ, டாமீலின்.

படிவத்தில் வேறு மாதிரி. வீடு மாறினால் 2 வாரத்துக்குள் முகவரிப் பதிவு செய்ய வேண்டும் என்பது இங்கே சட்டம். அந்தத் தாளில் ஷ்டாட்ஸ்ஆன்கெஹோரிஷ்கைட் என்று ஒரு நீண்ட சொல் இருக்கும். குடியுரிமை என்று பொருள். அதற்கு நேராக இண்டிஷ் என்று பெயரடையாக எழுத வேண்டும், இலங்கைக் குடியுரிமை என்றால் ஸ்ரீ-லங்கிஷ். அதே இண்டிஷை மொழிக்குப் பயன்படுத்தாதீர்கள். "நீங்கள் இண்டிஷ் பேசுவீர்களா?" என்று கேட்கிறவர்கள் உண்டு. "இஷ் ஷ்ப்ரெஹெ டாமில்" என்று நிறுத்திச் சொல்லுங்கள். நம் மொழியின் பெயர் அவர்கள் காதில் விழட்டும்.

அறிகுறி: "என் ஊர்ப் பெயர் யாருக்கும் தெரியவில்லை"

பெயரை மட்டும் சொல்லிவிட்டு நிறுத்தினால் பேச்சு அங்கேயே படுத்துவிடும். பெரிய ஊரைத் துணைக்கு அழையுங்கள்: அவுஸ் டேர் நேயெ ஃபொன் மதுரை, மதுரைக்குப் பக்கத்திலிருந்து. அல்லது அவுஸ் ஐனெம் டோர்ஃப் பை மதுரை, மதுரைப் பக்கம் ஒரு கிராமத்திலிருந்து. அவுஸ் ஸ்யூட்இண்டியென், தென்னிந்தியாவிலிருந்து, என்பதும் உதவும். தமிழ்நாட்டைச் சொல்லும்போது புண்டெஸ்ஷ்டாட் என்ற சொல்லைப் பயன்படுத்துங்கள். புண்டெஸ்லாண்ட் என்பது ஜெர்மனியின் 16 மாநிலங்களுக்குப் பழகிப்போன சொல்.

இப்போது இருப்பது ஓர் ஊர், பிறந்தது வேறு ஊர் என்றால் எனக்கு மிகவும் பிடித்த ஜெர்மன் சொல் ஒன்று இருக்கிறது: ஊர்ஷ்ப்ரூங்லிஷ். முதலில், பூர்வீகமாக என்று பொருள். சொல்லின் தொடக்கத்திலேயே நம் "ஊர்" கேட்கிறது பாருங்கள். இரண்டுக்கும் உறவு எதுவும் கிடையாது, ஒலி ஒற்றுமை மட்டும்தான். ஆனால் ஒருமுறை கேட்டால் மறக்காது. இஷ் கொமெ ஊர்ஷ்ப்ரூங்லிஷ் அவுஸ் திருநெல்வேலி, வோனெ ஆபர் இன் ஷ்டுட்கார்ட். பூர்வீகம் திருநெல்வேலி, ஆனால் குடியிருப்பது ஷ்டுட்கார்ட்டில்.

அறிகுறி: "இலக்கணம் எல்லாம் சரி, ஆனால் கேட்டவுடன் அவர் முகம் மாறிவிட்டது"

ரயிலில் எதிரே உட்கார்ந்தவரிடம் எந்த ஊர் என்று கேட்காமல் இருப்பதுதான் நம் பக்கம் மரியாதைக் குறைவு. இங்கே அதே கேள்வியை, தோலின் நிறத்தைப் பார்த்து, இங்கேயே பிறந்து வளர்ந்த ஒருவரிடம் கேட்டால், நீ இந்த ஊர்க்காரன் இல்லை என்று சொல்வதுபோல ஆகிவிடும். அவர் கொலோன் என்று இங்கேயுள்ள ஒரு நகரத்தைச் சொல்வார். "இல்லை, ஊர்ஷ்ப்ரூங்லிஷ்?" என்று இரண்டாவது கேள்வி வரும். வலிப்பது அந்த இரண்டாவது கேள்விதான்.

2019 பிப்ரவரியில் இது நாடு முழுவதும் விவாதமானது. ஒரு தொலைக்காட்சித் திறமைப் போட்டியில் ஐந்து வயதுச் சிறுமி தன் ஊர் ஹெர்னெ என்று ஒரு ஜெர்மன் நகரத்தைச் சொன்ன பிறகும், நடுவர் அவளுடைய பிறந்த நாட்டையும் பெற்றோரையும் பற்றித் துருவிய காட்சி பரவியது. ஏராளமானவர்கள் "ஃபொன் ஹியர்" என்ற குறிச்சொல்லோடு தங்கள் அனுபவத்தை எழுதினார்கள். ஃபொன் ஹியர் என்றால் இந்த ஊர்தான்.

ஆகவே அறிமுகம் இல்லாதவரிடம் நேராக இந்தக் கேள்வியை வைக்காதீர்கள். "ஸிண்ட் ஸீ ஹியர் அவுஸ் டேர் கேகெண்ட்?" இந்தப் பக்கத்துக்காரரா என்று கேளுங்கள். பழகியவர் என்றால் "வோ பிஸ்ட் டூ அவுஃப்கெவாக்ஸென்?" எங்கே வளர்ந்தாய் என்று கேட்கலாம். முதல் பதில் என்ன வருகிறதோ அதை அப்படியே ஏற்றுக்கொள்ளுங்கள். மேற்கொண்டு சொல்ல விருப்பம் இருந்தால் அவரே சொல்வார். உங்களிடம் யாராவது இரண்டாவது முறை துருவினால், ஒரு ஊர்ப் பெயரோடு நிறுத்திக்கொள்ள உங்களுக்கும் உரிமை உண்டு.

இங்கே இலக்கணத்திலும் ஒரு நுணுக்கம் இருக்கிறது. ஊருக்கு எப்போதும் அவுஸ் என்று மேலே சொன்னேன். ஆனால் ஹியர் என்ற சொல்லுக்கு நேர் முன்னால் அவுஸ் வராது, ஃபொன்தான் வரும். யாராவது தெருவில் வழி கேட்டு, உங்களுக்குத் தெரியாவிட்டால் "இஷ் பின் லைடர் நிஷ்ட் ஃபொன் ஹியர்" என்பீர்கள், நான் இந்த ஊர் இல்லை.

போன வசந்தத்தில் விளையாட்டு மைதானத்தில் ஒரு பாட்டி என் மகளிடம் கேட்டார், "உண்ட் வோ கொம்ஸ்ட் டூ ஹேர்?" நான் பெஞ்சில் உட்கார்ந்தபடி வாயைத் திறந்தேன், அவுஸ் என்று தொடங்கவும் செய்தேன். ஊஞ்சலை நிறுத்தாமலே அவள் சொன்னாள்: "இஷ் பின் ஃபொன் ஹியர்." பாட்டி, "ஆ, யா. அழகான இடம், இல்லையா?" என்று ஜெர்மனில் சொல்லிவிட்டு ஊஞ்சலை ஒரு தள்ளு தள்ளினார்.